பத்து செல்போன் கம்பெனி நாலாச்சு! கல்யாணம் அவர்களுக்கு, மொய் ஜனங்களுக்கு!

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் சென்னையில் லட்சக்கணக்கான பேர் இப்படித்தான் போனை உலுக்கி உலுக்கிக் கத்திக்கொண்டு இருந்தார்கள். எதிர்முனையில் சத்தமே இல்லை.

ஏர்செல் படுத்துவிட்டது!

ராத்திரி படுக்கும்போது இருந்த சிக்னல் விடிந்தபோது காணோம். டவர் கம்பெனிக்கு வாடகை பாக்கி. பாக்கிக்காரன் டவருக்கு எதற்குக் கரண்டு என்று சுவிட்சை அணைத்துவிட்டார்கள். சென்னை, கோவை, மதுரை என்று ஏர்செல் ஷோரூம் இருந்த இடத்தில் எல்லாம் ஜனங்கள் முற்றுகை.

அதில் பெரிய கூத்து என்ன தெரியுமா?

"நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம்" என்று சட்டம் இருக்கிறது. 1900 என்ற நம்பருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். பதிலுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைக் காட்டினால் மாற்றிக் கொடுப்பார்கள்.

டவரே செத்துப்போன போனில் இருந்து எஸ்.எம்.எஸ். எப்படி அனுப்புவது? ரகசிய எண் எப்படி வந்து சேரும்?

பேங்கில் கொடுத்தது அந்த நம்பர். காஸ் புக் பண்ணுவது அந்த நம்பர். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தது அந்த நம்பர். வெயிலில் கியூவில் நின்று, மொட்டை மாடியில் ஏறி ஒரு கோடு சிக்னல் பிடித்து எஸ்.எம்.எஸ். அனுப்பியவர்கள் எத்தனையோ பேர்.

அதே மாதம் 28-ந் தேதி ஏர்செல் மஞ்சள் கடிதாசு கொடுத்தது.

நின்று போன கல்யாணம்

ஏர்செல் இந்தக் கதிக்கு வந்ததற்கு முன்னால் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தது.

2016 செப்டம்பரில் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சும் ஏர்செல்லும் ஒன்றாகச் சேரப்போவதாக அறிவித்தார்கள். "இரண்டு பேரின் கடனும் குறையும், பலம் கூடும்" என்றார்கள். ஒரு வருஷம் பேச்சு நடந்தது. 2017 அக்டோபர் 1-ந் தேதி "சரிப்படவில்லை" என்று கைகழுவிவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் இரண்டு வீடும் இல்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அந்த வருஷக் கடைசியிலேயே செல்போன் பேச்சுச் சேவையை மூடியது. இரண்டு மாதம் கழித்து ஏர்செல்.

சேவையை மூடுவதாக இருந்தால் வாடிக்கையாளருக்கு 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று லைசென்சில் எழுதி இருக்கிறது. எழுதி என்ன பிரயோஜனம்? டவர்க்காரன் அணைத்தால் அணைந்தது தான்!

கல்யாணம் நடந்தாலும் சரி, நின்றாலும் சரி, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய விஷயம்.

98400-ம், 98410-ம்

சென்னைவாசிகளுக்கு இந்த இணைப்பு, கைமாற்று எல்லாம் புதுசு அல்ல.

1995-ல் செல்போன் வந்தபோது சென்னையில் இரண்டே இரண்டு கம்பெனி. ஒன்று ஸ்கைசெல். இன்னொன்று ஆர்.பி.ஜி. செல்லுலர். நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம்! கூப்பிட்டவருக்கும் காசு, கூப்பிடப்பட்டவருக்கும் காசு. செல்போனைக் கையில் வைத்திருந்தவர் காரில் போகிறவர் என்று அர்த்தம்.

ஸ்கைசெல்லை 2000-ல் ஏர்டெல் வாங்கியது. ஆர்.பி.ஜி.யை 2003-ல் ஏர்செல் வாங்கியது. 98400 என்று ஆரம்பித்தால் ஏர்டெல், 98410 என்றால் ஏர்செல், 98840 என்றால் ஹட்ச், 94440 என்றால் பி.எஸ்.என்.எல். என்று சென்னைக்காரர்கள் நம்பரைப் பார்த்தே ஜாதகம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஹட்ச் 2007-ல் வோடபோன் ஆனது.

அந்தக் கைமாற்றங்களில் ஜனங்களுக்கு நஷ்டம் வரவில்லை. ஏன்?

ஒருவன் போனால் இன்னொருவன் வந்தான். அதுதான் காரணம்.

2002-ல் பி.எஸ்.என்.எல். செல்போன் இறங்கியது. 2003-ல் வந்த அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆச்சு. 2009-ல் டாடா டோகோமோ வந்து "ஒரு வினாடிக்கு ஒரு பைசா" என்று சொன்னது. அதுவரை 10 வினாடி பேசினாலும் ஒரு நிமிஷக் காசு பிடுங்கிக்கொண்டு இருந்தவர்கள் பதறி அடித்துக்கொண்டு வினாடிக் கணக்குக்கு மாறினார்கள். சட்டம் போட்டு மாற்றவில்லை. பக்கத்துக் கடைக்காரன் மாற்ற வைத்தான்!

2010 வாக்கில் தமிழ்நாட்டில் ஏர்டெல், ஏர்செல், வோடபோன், பி.எஸ்.என்.எல்., ரிலையன்ஸ், டாடா, ஐடியா, எம்.டி.எஸ்., வீடியோகான், யூனினார் என்று பத்துக் கம்பெனிகள் கடை விரித்திருந்தன. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் சிம் கார்டைக் கூவி விற்றார்கள். 10 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியவர்கள் ஏராளம்.

பத்துக் கம்பெனி ஒரே ஊரில் பிழைக்க முடியாது என்பதும் உண்மைதான். 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு 122 லைசென்சுகளை ரத்து செய்ததும் சிலர் மூட்டை கட்டினார்கள்.

இலவசம் வந்தது, மற்றவர்கள் போனார்கள்

2016 செப்டம்பர் 5-ந் தேதி முகேஷ் அம்பானியின் ஜியோ வந்தது.

பேச்சு இலவசம். இன்டர்நெட் அடுத்த மார்ச் 31 வரை இலவசம். சிம் வாங்க விடியற்காலையில் இருந்து கியூ. ஒரு ஜி.பி. இன்டர்நெட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்த ஜனங்களுக்கு இது தீபாவளி மாதிரி இருந்தது. சந்தோஷப்பட்டதில் தப்பு இல்லை. வீட்டு வேலைக்குப் போகிற அம்மா கையிலும் வீடியோ கால் வந்தது இதனால்தான். அதை மறைக்கக் கூடாது.

ஆனால், இலவசத்தோடு போட்டி போட முடியாமல் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்களைச் சாயாதவர்கள் வாங்கினார்கள்.

எம்.டி.எஸ். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சில் கரைந்தது. அந்த ரிலையன்சே அப்புறம் மூடியது. யூனினார் டெலிநார் என்று பேர் மாறி, 2018-ல் ஏர்டெல்லுக்குப் போனது. டாடாவின் செல்போன் வியாபாரம் 2019 ஜூலை 1-ந் தேதி ஏர்டெல்லில் சேர்ந்தது. வினாடிக்கு ஒரு பைசா சொன்ன டோகோமோவின் கதை அதோடு முடிஞ்சுது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கல்யாணம் வோடபோன் - ஐடியா. 2018 ஆகஸ்டு 31-ந் தேதி நடந்தது. சேர்ந்த அன்று 40 கோடி வாடிக்கையாளர்கள். "இந்தியாவிலேயே நம்பர் ஒன்" என்று மார் தட்டினார்கள்.

இன்றைக்கு?

பாதிப் பேர் போயாச்சு! 2025-ல் அந்தக் கம்பெனியில் மிஞ்சியது சுமார் 20 கோடிப் பேர். 2019 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பால் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பாக்கி மட்டும் 58 ஆயிரம் கோடி ரூபாய் என்று தலையில் விழுந்தது. கட்ட முடியாத பாக்கிக்குப் பதிலாகச் சர்க்கார் பங்குகளை எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 49 சதவீதம் சர்க்கார் கையில்!

சேர்ந்தால் பலம் என்று சொன்னார்கள். இரண்டு நோயாளியை ஒரே கட்டிலில் படுக்க வைத்த மாதிரி ஆச்சு.

இரண்டு நாளில் மூன்று அறிவிப்பு

ஒரு தெருவில் பத்து டீக்கடை இருந்தால் ஒருவன் விலையை ஏற்றப் பயப்படுவான். மூணே கடை இருந்து, அதில் ஒருவன் கடனில் தள்ளாடிக்கொண்டு இருந்தால்? ஒருவன் போர்டை மாற்றி எழுதினால் போதும். மற்றவர்களும் எழுதிவிடுவார்கள். மூணு பேரும் உட்கார்ந்து பேசக்கூடத் தேவையில்லை.

2024-ல் நடந்ததைப் பாருங்கள்.

ஜூன் 27-ந் தேதி ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாள் 28-ந் தேதி ஏர்டெல். அதே நாள் வோடபோன் ஐடியா. ஜூலை 3, 4 தேதிகளில் எல்லாருக்கும் புதுக் கட்டணம் அமுலுக்கு வந்தாச்சு. சுமார் 10 முதல் 25 சதவீதம் வரை உயர்வு.

இது முதல் தடவை அல்ல. 2019 டிசம்பரில் ஒரே வாரத்தில் மூவரும் 40 சதவீதம் வரை ஏற்றினார்கள். 2021 நவம்பர் கடைசியில் இன்னொரு 20 முதல் 25 சதவீதம். மூன்று தடவையும் நாள்கணக்கு வித்தியாசத்தில் மூவரும்!

இது கூட்டுச் சதி என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அதுதான் இதில் உள்ள சங்கடமே. சதி இருந்தால் கேஸ் போடலாம். ஆள் குறைந்து போனதற்கு யார் மேல் கேஸ் போடுவது?

சர்க்காரைக் கேட்டால், "கட்டணத்தை மார்க்கெட்டே நிர்ணயிக்கிறது. மூன்று தனியார், ஒரு பொதுத்துறை என்று நாலு பேர் இருக்கிறார்கள். உலகத்திலேயே குறைந்த கட்டணம் இங்கேதான்" என்று 2024 ஜூலையில் பதில் வந்தது. டிராய் என்கிற டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமும் கட்டணத்தில் கை வைப்பது இல்லை. கம்பெனி ஏற்றிக்கொண்டு, ஏழு வேலை நாளுக்குள் ஒரு காகிதத்தில் தெரிவித்தால் போதும்.

35 ரூபாய் 199 ஆன கதை

கட்டண உயர்வில் யாருக்கு அடி அதிகம்?

தினமும் இரண்டு ஜி.பி. சினிமா பார்க்கிற வாலிபருக்கு அல்ல. அவர் கொடுக்கிற காசுக்கு ஏதோ கிடைக்கிறது.

அடி விழுவது கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு. ஆட்டோ ஸ்டாண்டில் பட்டன் போனை வைத்திருக்கும் பெரியவருக்கு. "அம்மா, இன்னிக்கு வேலைக்கு வரவேணாம்" என்ற ஒரு போனுக்காக மட்டும் செல் வைத்திருக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு.

இவர்கள் யாரையும் கூப்பிடுவதே அபூர்வம். கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

முன்பெல்லாம் வருகிற அழைப்புக்குக் காசே கிடையாது. சிம் உயிரோடு கிடக்கும். 2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் "28 நாளைக்கு ஒரு தரம் குறைந்தது 35 ரூபாய் போடு, இல்லாவிட்டால் சேவை நிற்கும்" என்று ஆரம்பித்தன. கம்பெனிகள் குறைந்த கையோடு வந்த முதல் பரிசு இது!

ஏர்டெல்லில் அந்த 35 அப்புறம் 49 ஆச்சு. 2021 ஜூலையில் 79. நாலே மாதத்தில் 99. பிறகு 155. அப்புறம் 179. 2024 ஜூலையில் 199!

28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் அல்ல, 13. (இந்தக் கம்பெனிக்காரர்களின் காலண்டரில் மட்டும் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்! 30 நாள் பிளான் ஒன்றாவது கொடுங்கள் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட வேண்டி வந்தது.) 35 ரூபாயில் வருஷச் செலவு 455. 199-ல் 2,587. வீட்டில் நாலு போன் இருந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும்.

அந்த 199-ல் இன்டர்நெட்டும் சேர்த்துத் தருகிறார்களே என்று கேட்கலாம். பட்டன் போன் வைத்திருக்கும் கிழவிக்கு இன்டர்நெட் எதற்கு? அரிசி வாங்கப் போனவரிடம் சீப்பையும் கண்ணாடியையும் சேர்த்துத்தான் விற்பேன் என்கிற கதை.

டிராய்க்கும் இது உறைத்திருக்க வேண்டும். "பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனியாக ரீசார்ஜ் கொடுங்கள்" என்று 2024 டிசம்பரில் உத்தரவு வந்தது. கம்பெனிகள் கொடுத்தன. எப்படி? 84 நாளைக்கு ஏர்டெல்லில் 469 ரூபாய், ஜியோவில் 448 ரூபாய். ஒரு வருஷத்துக்கு ஏர்டெல்லில் 1,849 ரூபாய். 28 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் மலிவு மாதிரிதான் தெரியும். ஆனால் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சமைக்கிறவர் 469 ரூபாயை ஒரே தடவையில் எங்கிருந்து எடுப்பார்? மலிவு விலை வேண்டுமென்றால் மொத்தமாகக் கொடு என்பது வசதி உள்ளவனுக்கான மலிவு.

கம்பெனிகள் தரப்பு

கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அலைவரிசைக்கு ஏலத்தில் ஆயிரக்கணக்கான கோடி. 5ஜி டவருக்கு இன்னும் பல ஆயிரம் கோடி. ஒரு வாடிக்கையாளரிடம் சராசரியாக மாதம் 300 ரூபாயாவது வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று ஏர்டெல் பல வருஷமாகவே வெளிப்படையாகச் சொல்லி வருகிறது. 2025-ல் அது 250 ரூபாயைத் தொட்டாச்சு.

நஷ்டத்தில் யாரும் டவர் நடத்த மாட்டார்கள். நடத்தினால் என்ன ஆகும் என்பதை ஏர்செல் காட்டிவிட்டது.

சரி, காசு வேண்டும். யாரிடம் வாங்குவது? 5ஜியில் சினிமா பார்ப்பவரிடமா, போன் வந்தால் எடுப்பவரிடமா? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் இணைப்புக்கு அனுமதி கொடுத்த நேரம்தான். அப்போது யாரும் கேட்கவில்லை.

இணைப்பு விதிகள் 2014-ல் வந்தன. ஒரு வட்டாரத்தில் சேர்ந்த கம்பெனியின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஒரு வருஷத்தில் குறைக்க வேண்டும், அலைவரிசை இத்தனைக்கு மேல் வைக்கக் கூடாது என்றெல்லாம் எழுதினார்கள். வாடிக்கையாளர் கட்டணத்தை இத்தனை வருஷம் ஏற்றக் கூடாது என்று அதில் சேர்க்கவில்லை. வோடபோன் - ஐடியா இணைப்புக்குப் போட்டி ஆணையம் 2017 ஜூலையில் எந்த நிபந்தனையும் போடாமல் ஓ.கே. சொன்னது.

அதே வோடபோன் பிரிட்டனில் "த்ரீ" என்ற கம்பெனியோடு சேரப் போனபோது என்ன நடந்தது?

நாலு கம்பெனி மூணு ஆகிறதே என்று அங்கே உள்ள போட்டி ஆணையம் நோண்டி நோண்டி விசாரித்தது. 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோது, "எட்டு வருஷத்தில் 1,100 கோடி பவுண்டு போட்டு டவர்களைச் சரி பண்ண வேண்டும், குறிப்பிட்ட சில கட்டணங்களை மூணு வருஷத்துக்கு ஏற்றக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டது. 2025 மே 31-ந் தேதி இணைப்பு முடிந்தது. அந்த நிபந்தனை போதுமா என்பது அந்த ஊர்க்காரர்கள் பாடு. ஆனால் கேட்டார்கள்!

இங்கேயும் அடுத்த இணைப்புக் காகிதம் டெல்லி மேஜைக்கு வரும்போது, வருகிற அழைப்பை மட்டும் எடுக்கிறவனுக்கு ஒரு சின்ன ரீசார்ஜ், அதன் விலைக்கு ஒரு பூட்டு என்று எழுதி வாங்கினால்தான் உண்டு.

நாலாவது ஆள் எங்கே?

சர்க்கார் சொல்கிற நாலு பேரில் நாலாவது ஆள் பி.எஸ்.என்.எல்.

2024 ஜூலையில் மற்றவர்கள் கட்டணம் ஏற்றியதும் ஜனங்கள் ஓடிப்போய் நின்றது அந்த வாசலில்தான். அந்த ஒரு மாதத்தில் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள்! தனியார் கம்பெனிகள் மூன்றும் ஆளை இழந்தன. மாற்றிக்கொள்ள இன்னொரு கடை இருந்தால் ஜனங்கள் போகத் தயார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

போனவர்கள் தங்கினார்களா? சில மாதத்தில் வேகம் குறைந்தது. நவம்பரில் பி.எஸ்.என்.எல்.லும் ஆளை இழந்தது. மற்றவர்கள் 5ஜி விற்றுக்கொண்டு இருந்தபோது அது 4ஜியே முழுசாகக் கொடுக்கவில்லை. உள்நாட்டுக் கருவிகளோடு சுமார் 97,500 4ஜி டவர்களைத் திறந்து வைத்தது 2025 செப்டம்பர் 27-ந் தேதி. கூட்டம் வாசலில் நின்றபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை!

வோடபோன் ஐடியாவில் பாதியும், பி.எஸ்.என்.எல். முழுசும் சர்க்கார் பங்கு. நாட்டின் செல்போன் வாடிக்கையாளரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஜியோ, ஏர்டெல் இரண்டு பேரிடம். சர்க்கார் கையில் இருக்கிற இரண்டு கம்பெனியும் எழுந்து நின்றால்தான் அந்த இரண்டு பேரும் போர்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்பார்கள். அதைச் செய்யாமல் "மார்க்கெட் பார்த்துக்கொள்ளும்" என்பது சரியல்ல.

நம்பரை மாற்ற நினைப்பவர்களுக்கு

கம்பெனி மாற நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ரீசார்ஜ் பிளானில் இருந்தாலும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. "எஸ்.எம்.எஸ். உள்ள பெரிய ரீசார்ஜ் போட்டால்தான் மாற முடியும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது இருக்கிற கம்பெனியில் 90 நாள் ஆகி இருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புது சிம் வாங்கி இருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். இது 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள விதி. ரகசிய எண் நாலு நாள்தான் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனி கடைக்குப் போய்விட வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதாக இருந்தால் மூன்று வேலை நாளில் காரியம் முடியும்.